நீங்கதான் பாக்கி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருட்டென்றால் பயம், ஐயா. நாற்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் தெரசம்மாள் துணைக்கு வந்தால்தான் கொல்லைப்புறம் போவேன். அவள் என் மனைவி. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். அவள் வாழ்க்கைப்பட்டதோ பேய்க்குப் பயப்படுகிறவனுக்கு, ஆகவே இருபது வருடமாக விளக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நேற்று லாக்கப்பில் பல்பை அணைக்காமல் விட்டதற்கு முதலில் உங்களுக்கு நன்றி சொல்லிவிடுகிறேன்.

பெயர் சவரிராயன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, நோம்பி, இழவு, எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன். மயில்சாமி அண்ணன் எப்படிக் கிணற்றுக்குள் போனார் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் அதை எடுத்த எடுப்பில் சொன்னால் விளங்காது. பேய்க் கொட்டகையை எப்படிக் கட்டினேன் என்பதிலிருந்து வர வேண்டும். அதைப் பேச ஆரம்பித்தால் எனக்குச் சந்தோஷம் பிடிபடாது, அது ஒன்றுதான் சிரமம்.

ஜேடர்பாளையம் அணைக்கு ஆடிப் பதினெட்டுக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று உங்களுக்கே தெரியும். இந்த எண்பத்தைந்தில், ஆடி மாதம் முழுக்க அணை ரோட்டுத் தென்னந்தோப்பில் ராட்டினமும் கடைகளுமாகப் பொருட்காட்சி போட்டார்கள். தோப்பு மயில்சாமி அண்ணனுடையது. அறுபது வயது, காடு தோட்டம் உள்ளவர், வஞ்சகமில்லாத பேச்சு. எழுபத்தொன்பதில் அவர் மகள் வசந்தாமணியின் கல்யாணத்துக்கு நான்தான் மைக் செட் கட்டினேன். அந்தப் பழக்கத்தில் தோப்பின் நடுப்பகுதியை எனக்கென்று ஒதுக்கித் தந்தார். அங்கே ஒரு பழைய கிணறு இருந்தது. அதன் மேல் பனஞ்சட்டம் அடுக்கி மூடிக் கொடுத்ததும் அவரே. மேலே ஏறி நின்று இரண்டு குதி குதித்துக் காட்டி, "லாரியே போலாஞ் சவரி, ஒண்ணும் ஆவாது" என்றார்.

முதல் வாரம் மானம் போனது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன். தகரத்தில் எலும்புக்கூடு, சிவப்பு பல்பு, கேசட்டில் நரி ஊளை, நடுவில் வெள்ளைப் புடவையும் விரித்த தலையுமாக அம்மாசி. அவன் கூத்தில் பொம்பளை வேஷம் கட்டியவன், நல்ல உயரம். கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மா அவன் எதிரில் நின்று ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாப்புட்டியா சாமி? மூஞ்சி வாடிக் கெடக்குதே" என்று கேட்டாள். அவன் பேய் என்பதையும் மறந்து "இன்னுமில்லீங்க" என்று சொல்லிவிட்டான். கொட்டகையே கொல்லென்று சிரித்தது.

எதிரே வேலுமணி என்பவர் டி.வி. பெட்டி வைத்து வீடியோ கேம் நடத்திக்கொண்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து அவர் மச்சான் கொண்டுவந்தது. திரையில் கோலப்புள்ளி மாதிரி ஒன்றை நாலு பேய்கள் துரத்தும். பேய் என்று சொன்னால்தான் பேய், இல்லாவிட்டால் தலையணை உறை. ஆனால் அதை ஆடுகிற ஆட்களைப் பார்க்க வேண்டும் நீங்கள். கையில் குச்சியைப் பிடித்தவன் உடம்பே வளைந்து போகிறான், மூச்சை அடக்குகிறான், முட்டிக்கொண்டால் "அய்யோ" என்கிறான். நம் கொட்டகையில் நிஜ ஆள் நிஜப் புடவை கட்டி நிற்கிறான், ஒருவரும் அசையவில்லை. ஒரு மத்தியானம் முழுக்க நின்று பார்த்தேன். பிறகு விளங்கியது. அங்கே போகிறவன் தானே போகிறான். குச்சி அவன் கையில். எந்தச் சந்தில் திரும்புவது என்பது அவன் முடிவு. தானாகப் போய் மாட்டிக்கொள்வதில்தான் பயம் இருக்கிறது. இன்னொருவன் வந்து பயமுறுத்துவதில் இல்லை.

அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

எலும்புக்கூட்டைக் கழற்றி எறிந்தேன். நாமக்கல் லாரிக்காரர்களிடம் பழைய தார்ப்பாய் வாங்கிக் கொட்டகையை இரண்டு சுற்றுச் சுற்றினேன். வெளியே உச்சி வெயில், உள்ளே கை தெரியாத இருட்டு. வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு டார்ச் லைட் கொடுத்தேன். பாட்டரிக் கட்டை மட்டும் ரேடியோவில் போட்டுத் தீர்ந்தது. ஏழெட்டு அடி எரியும், மஞ்சளாகும், தட்டினால் திரும்ப எரியும். எப்போது அணையும் என்ற கவலையிலேயே ஆள் பாதி அரண்டுவிடுவான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மீதிப் பாதியை மட்டும் நாம் பார்த்துக்கொண்டால் போதும்.

வெள்ளைப் புடவையையும் தூக்கிப் போட்டேன். பேய் எதற்கையா வெள்ளை கட்ட வேண்டும்? நம் பக்கம் சுமங்கலி செத்தால் புதுச் சேலை உடுத்தித்தானே எடுக்கிறார்கள். இளம்பிள்ளைத் தறியிலிருந்து இறங்கிய புதுச் சேலை ஒன்றை மடிப்புக்கூடக் கலையாமல் அம்மாசிக்குக் கட்டினேன். முகத்துக்கு மஞ்சள், கழுத்தில் செண்டுமல்லி மாலை, பக்கத்தில் ஊதுபத்தி. அவன் ஒன்றும் செய்யக் கூடாது, கத்தக் கூடாது, மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால் போதும். டார்ச் வெளிச்சம் முதலில் அந்தச் சேலை மடிப்பில் விழும். பார்த்தவனுக்கு அவனவன் வீட்டு இழவு ஞாபகம் வரும். என் வேலையை அவன் மனசே செய்துவிடும்.

சத்தம் என் சொந்தத் தொழில். நரியை நிறுத்தினேன். நம் ஊரில் நரி ஊளைக்கு யார் பயப்படுகிறார்கள்? பக்கத்து அறையில் யாரோ முறத்தில் புடைக்கிற சத்தம் வைத்தேன், அவ்வளவுதான். தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன பல்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். நடக்கிறவன் நின்றால் நானும் சுவிட்சை நிறுத்துவேன். நடந்தால் புடைக்கும். இதற்கே இரண்டு பேர் பாதி வழியில் திரும்பி ஓடினார்கள். யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்கள். இந்தத் தொழிலில் மணியோசை வர வேண்டும், யானை வரவே கூடாது.

கடைசி வளைவில் கிணறு. பனஞ்சட்டத்தின் மேல் பத்தடி நடக்க வேண்டும். காலடியில் பொள்ளென்று சத்தம் வரும், கீழிருந்து ஈரக் குளிர்ச்சியும் பாசி வாசனையும் ஏறும். இதை எந்தப் பெட்டியாலும் கொடுக்க முடியாது. அந்த இடத்தில், பின்னாலிருந்து, மிக மெதுவாக ஒரு பெண் குரல்.

"ஏனுங்க."

இவ்வளவுதான் ஐயா. அலறல் இல்லை, சிரிப்பு இல்லை. மரியாதையாக ஒரு வார்த்தை. கொட்டகைக்கு வெளியே கடலைக்காய் விற்கிற உண்ணாமலையைக் கூப்பிட்டுப் பதிவு செய்தது. இந்தச் சீமையில் எந்தப் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்கிறாள்? எல்லார் வீட்டிலும் "ஏனுங்க"தான். எவன் காதில் விழுந்தாலும் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று திரும்புவான். திரும்பினால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர் கீற்றைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தார். பொருட்காட்சிப் பந்தோபஸ்துக்கு வந்த நம் ஏட்டையா, இதோ எழுதிக்கொண்டிருக்கிறாரே இவர்தான், அம்மாசியின் மடியிலேயே மயங்கி விழுந்தார். மன்னிக்க வேண்டும் ஏட்டையா, அதை எழுத வேண்டாம். ஓடியவர்கள் விட்டுப்போன செருப்பு மட்டும் ஒரு சாக்கு சேர்ந்தது. திருச்செங்கோடு, ராசிபுரம் என்று வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். என் வாழ்க்கையில் அந்தப் பத்து நாளைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஒருவரைத் தவிர எல்லோரும் பயந்தார்கள்.

மயில்சாமி அண்ணன் தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முதல் ஆளாக வருவார். செருப்பை வாசலில் கழற்றி விட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி போவார். உள்ளே போனதும் சிரிக்க ஆரம்பிப்பார். புன்சிரிப்பு அல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அது தார்ப்பாயைத் தாண்டி ராட்டினம் வரை கேட்கும். முறம் புடைத்தால் சிரிப்பார், டார்ச் அணைந்தால் சிரிப்பார், "ஏனுங்க" என்றால் "ஏனுங் உண்ணாமல, கல்லக்காய் வித்துப்போச்சுங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார். வெளியே வந்து வரிசையில் நிற்கிறவர்களிடம், "உள்ள நம்ம அம்மாசி வேர்த்து ஊத்தி உக்காந்திருக்கறானுங்க, பாவம். போறவங்க ஒரு கலரு வாங்கிட்டுப் போங்க" என்பார். அதற்குப் பிறகு உள்ளே வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள். ஒரு மணி நேரத்துக்கு என் இருட்டு இருட்டாகவே இருக்காது. இரண்டு பேர் நிஜமாகவே கலர் பாட்டிலோடு வந்தார்கள். அம்மாசியும் வாங்கிக் குடித்தான்.

நான் கோபக்காரன் இல்லை. அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகத்தான் சொன்னேன். அண்ணே, கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள், தொழில் கெடுகிறது என்றேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானென்ன பண்ணட்டுஞ் சவரி. சௌந்தரம் போயி நாலு வருசமாச்சு. அதுக்கப்பறம் நாஞ் சிரிச்சதே இல்ல, எம்மகளக் கேட்டுப் பாரு. உங் கொட்டாய்க்குள்ள வந்தாத்தேன் சிரிப்பு வருது. உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றார்.

சௌந்தரம் அவர் மனைவி. மஞ்சள் காமாலையில் போனவர். நல்ல அம்மா.

ஐயா, என்னை நியாயமாகப் பாருங்கள். ஒரு மனிதர் தினமும் என் கொட்டகை வாசலில் நின்று என் வேலையைப் பார்த்துச் சிரிக்கிறார், அதைப் புண்ணியம் என்கிறார். ஆனாலும் நான் அவர்மேல் குறை சொல்லவில்லை. தப்பு என்னுடையது என்றுதான் நினைத்தேன். எல்லோருக்கும் தைத்த சட்டை அவருக்குப் பொருந்தவில்லை. அவருக்கென்று அளவெடுத்துத் தைக்க வேண்டும்.

பஸ் ஏறிச் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்குப் போய்ப் பழைய கேசட்டுகளைக் கிளறினேன். வசந்தாமணி கல்யாணத்தில் நான் மேளச் சத்தம் பதிவு செய்திருந்தேன். அன்றைக்கு ஒரு வேடிக்கை நடந்தது. அந்த ஊரில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். பந்தி முடிகிற நேரம். நான் மைக்கை அணைக்க மறந்து மேடையிலேயே வைத்துவிட்டேன். சௌந்தரம்மாள் அது தெரியாமல் அதன் பக்கத்தில் நின்று புருஷனைக் கூப்பிட்டார். நாலு ஊருக்குக் கேட்டது. "ஏனுங்க, சாப்புட வாங்க. எல்லாரும் வந்து உக்காந்தாச்சு, நீங்கதான் பாக்கி." பந்தலில் ஒரே சிரிப்பு. அந்தக் கோடியிலிருந்து அண்ணன் "வாரேம் புள்ள, வாரேன்" என்று வெட்கத்தோடு சொன்னதும் கேசட்டில் இருக்கிறது.

சிரிப்பையும் அண்ணன் பதிலையும் வெட்டினேன். அம்மா குரலை மட்டும் வைத்தேன். இரைச்சலைக் குறைக்க இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் கேட்டபோது என் கை மயிரே சிலிர்த்துவிட்டது. எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. நீங்கதான் பாக்கி. கல்யாணப் பந்தியில் சொன்ன வார்த்தைதான், ஒரு எழுத்துக்கூட நான் மாற்றவில்லை. கடையைப் பூட்டும்போது விசிலடித்துக்கொண்டே பூட்டினேன்.

ஆடிப் பதினெட்டு முடிந்த மறுவாரம் செவ்வாய்க்கிழமை. பொருட்காட்சி பன்னிரண்டு மணிக்கு மேல்தான் திறக்கும். அண்ணனைப் பத்து மணிக்கு வரச் சொன்னேன். உங்களுக்காகப் புதிதாக ஒன்று செய்திருக்கிறேன், நீங்கள்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றேன். தெரசம்மாள் மாதா கோயில் செவ்வாய் நவநாள் பூசைக்குச் சேலம் போயிருந்தாள். அம்மாசியை இன்னொரு சேலை வாங்கி வர இளம்பிள்ளைக்கு அனுப்பியிருந்தேன். விடியற்காலையிலேயே வந்து பனஞ்சட்டத்தில் நடுவில் நாலை எடுத்து ஓரமாக அடுக்கினேன். குரல் வருகிற பெட்டியைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் வைத்தேன்.

ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். காலுக்குக் கீழே பொள்ளென்ற சத்தம் திடீரென்று இல்லாமல் போக வேண்டும், அதற்காக. ஒரு காலை முன்னே வைத்துப் பார்ப்பார், ஒன்றும் தட்டுப்படாது, அந்த நொடியில் குரல் கேட்கும். அலறிக்கொண்டு பின்னால் பாய்வார். இதில் ஆபத்தே கிடையாது ஐயா. நூற்றுக்கணக்கான பேரைப் பார்த்துவிட்டேன். பயந்தவன் பின்னால்தான் போவான், முன்னால் ஓரடி வைக்க மாட்டான். அந்த அலறலைப் பிடிக்க இன்னொரு டேப் ரிக்கார்டரில் புதுக் கேசட் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் சலவை வேட்டி கட்டி, எனக்கு இரண்டு இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றினார். டார்ச்சை வாங்கித் தட்டிப் பார்த்து, "கட்ட தீந்துபோச்சாட்டம் இருக்குது சவரி" என்று அப்போதே சிரித்தார். உள்ளே போனார். முறத்துக்குச் சிரித்தார். காலியாக இருந்த அம்மாசியின் மூலைக்குச் சிரித்தார். சட்டத்தில் கால் வைத்தார். டார்ச் அணைந்தது. நான் சுவிட்சைப் போட்டேன்.

ஏனுங்க, சாப்புட வாங்க. எல்லாரும் வந்து உக்காந்தாச்சு, நீங்கதான் பாக்கி.

சிரிப்பு நின்றது. ஐயா, அந்த அமைதியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு தொழிலாளிக்கு அதைவிடக் கூலி கிடையாது. நான் மூச்சை அடக்கி அலறலுக்குக் காத்திருந்தேன்.

"வாரேம் புள்ள" என்றார். சத்தமாக அல்ல, பக்கத்து அறையில் இருப்பவளுக்குச் சொல்வது மாதிரி. "வாரேன், இரு." காலடிச் சத்தம் கேட்டது. முன்னால்தான் போனது. வேகமாகப் போனது.

தண்ணீர்ச் சத்தம் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. கணக்கு தப்பிவிட்டது என்று நினைத்தேன். அவர் நீச்சல் தெரிந்தவர், ஆனால் விளிம்புக் கல்லில் இடுப்பு அடிபட்டது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். எட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரத்துச் செடி வேரைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக் கூப்பிட்டார்.

"சவரி, கெட்டிக்காரன் நீ. அச்சு அசல் அவ கொரலு. இன்னொருக்காப் போடு சாமி."

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆள் ஆழத் தண்ணீரில், இருட்டில், இடுப்பு உடைந்து, என் வேலையைப் பார்த்து மறுபடியும் சிரித்துக்கொண்டிருந்தார். கயிறு என் காலடியிலேயே கிடந்தது. நன்றாக முறுக்கிய கயிறு, தோப்பில் அவர் கையால் திரித்தது. ஆனால் அவர் கேட்டது கயிறு அல்ல, குரல். அதனால் குரலைப் போட்டேன். "வாரேம் புள்ள" என்றார். திரும்பவும் போட்டேன். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை அலறிவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் பதில் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகச் சொன்னார். மடியில் பதிவாகிக்கொண்டிருந்த கேசட்டின் ஒரு பக்கம் முப்பது நிமிடம். அது தீர்ந்து பட்டன் தானே மேலே எழும்பியபோது கீழே பதில் நின்று கொஞ்ச நேரமாகியிருந்தது.

சட்டங்களைத் திரும்ப அடுக்கினேன். அவர் செருப்பை ஆற்றுப் படித்துறையில் கொண்டுபோய் வைத்தேன். சாக்கில் போடவில்லை, அது பயந்து ஓடியவர்களின் செருப்புக்கு. பன்னிரண்டு மணிக்குக் கொட்டகையைத் திறந்தேன். அண்ணனைக் காணோம் என்று பரிசல் போட்டு ஆற்றில் தேடினார்கள். நானும் போய்த் தேடினேன். வசந்தாமணி அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. மூன்றாம் நாள் வந்த ஒருவர், "வாசத்துக்கு என்னத்தப் போட்டிருக்கறீங்க, கொடலைப் பொரட்டுதுங்களே" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் மாட்டிக்கொண்டது என் பெருமையால்தான். அவ்வளவு பாடுபட்டு எடுத்த அலறலைப் பெட்டிக்குள் வைத்திருக்க மனம் வரவில்லை. வியாழக்கிழமை கிணற்று வளைவில் "ஏனுங்க"வுக்குப் பிறகு அதையும் சேர்த்துப் போட்டேன். இதுவரை ஓடியவர்கள் அந்த இடத்தில் ஓடவில்லை. நின்று கேட்டார்கள். ஒரு பெண் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக வெளியே போனாள். ரசனை இல்லாத கூட்டம் என்று விட்டுவிட்டேன். வெளியே கடலைக்காய் வறுத்துக்கொண்டிருந்த உண்ணாமலைதான் கரண்டியைக் கீழே போட்டாள். "இது நம்ம அண்ணங் கொரலாச்சேங்க. எங்கிருந்துங்க பேசறாங்க?" என்றாள். பிறகு நீங்கள் வந்தீர்கள்.

நான் யாரையும் தள்ளவில்லை. குச்சி அவர் கையில் இருந்தது, அவரே நடந்தார். இருந்தாலும் சட்டத்தை எடுத்தது நான், கயிற்றைப் போடாதது நான், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். இந்த வாக்குமூலத்தில் எனக்கு ஒரே ஒரு திருத்தம்தான் உண்டு. அந்தக் கேசட்டில் இருப்பது சிரிப்பும் பேச்சும் என்று ஏட்டையா எழுதியிருக்கிறார். அதை அடித்துவிட்டு அலறல் என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். முப்பது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான், எனக்குத் தெரியாதா?